அர்ஜி பிழைவிட்ட செய்யுள்: ‘ஃபனி போய்’ பற்றி ஒரு நோக்கு

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ 1994ஆம் ஆண்டு கனடாவில் வெளிவந்த ஆங்கில நாவல். கொழும்பில் வாழும் வசதிபடைத்த தமிழ்க் குடும்பமொன்றின் இரண்டாவது மகனான அர்ஜி, ஏழு வயதுச் சிறுவனாக அறிமுகமாகி, 1983 ஆடிக் கலவரத்தின்பின் பதினான்கு வயதளவில் நாட்டைவிட்டு நீங்கும்வரை ஆறு கதைகள் தொடர்கின்றன. இதனைத் தற்பாலீர்ப்புக் கதையென்று ஒரு சாராரும் இனப்பிரச்சினைக் கதையென்று மறுசாராரும் கூறுபோட்டு வாசிப்பதுண்டு. அவ்வாறு வாசிப்போர் இந்நாவலின் உயிர்நிலையைத் தவறவிடுகின்றனர்.

பெண்பிள்ளைகளோடு மணப்பெண் விளையாட்டு விளையாடி, சேலையுடுத்து நின்ற சிறுவன் பெரியவர்கள் முன் இழுத்துவரப்படுகிறான். தந்தையின் வாயில் ‘ஃபனி’ என்ற சொல் பிறக்கிறது. சிரிப்புக்குரியது, விசித்திரமானது என்ற இரு பொருள்களையே அறிந்த சிறுவனுக்கு இரண்டும் பொருந்தாமற் போகின்றன. நம் வீடுகளில் ‘ஒரு மாதிரி’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதுவே இது. பொருள் விளங்காவிடினும் அச்சொல்லில் ஒட்டியிருந்த அருவருப்பு அவனுக்கு விளங்கிவிடுகிறது. குடும்பம் பிள்ளைக்குக் கற்பிக்கும் முதற்பாடம் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது.

அடுத்து வரும் கதைகளில் அவன் பார்வையாளனாகிறான். சிங்கள இளைஞன் அனிலை விரும்பிய ராதா அன்ரி, யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் புகையிரதத்தில் தாக்கப்பட்டபின் அவனைக் கைவிட்டு வீட்டார் விரும்பிய தமிழரையே மணக்கிறாள். தாயின் பழைய காதலும் இவ்வாறே நசிகிறது. யார் யாரை விரும்பலாம் என்பதைக் குடும்பமும் இனமும் சேர்ந்தே தீர்மானிக்கும் என்பதை, தனக்குக் காதல் வருமுன்னரே அர்ஜி கற்றுக்கொள்கிறான்.

நாவலின் சிகரம் ஐந்தாவது கதையாகும். மகனை ‘ஆண்பிள்ளை’யாக்கும் பொருட்டுத் தந்தை அவனை விக்டோரியா அக்கடமிக்கு மாற்றுகிறார். எதிர்காலம் சிங்களத்திலேயே என்று கருதிப் பிள்ளைகளைச் சிங்கள மொழிமூலம் படிக்கவைத்தவரும் அவரே. தமிழ் பேசவராத அர்ஜியைச் சிங்கள மாணவனொருவன் தமிழ் வகுப்புக்குப் போகுமாறு விரட்டும்போது, தந்தையின் கணக்கு முதல் நாளிலேயே பொய்த்துவிடுகிறது. அவன் மனம் நாடும் ஷெஹான் சிங்களவன். அதிபரின் கொடிய தண்டனைக்கு இலக்கானவனும் அவனே.

அதே அதிபரோ, பாடசாலையைப் பௌத்தப் பாடசாலையாக்க முனையும் உப அதிபருக்கு எதிராக நிற்பவர். எனவே தமிழரின் நலன் அதிபரின் பக்கமே என்று தமிழாசிரியரொருவர் அர்ஜிக்கு எடுத்துரைக்கிறார். பரிசளிப்பு விழாவில் அமைச்சர் முன்னிலையில் அவன் ஒப்புவிக்கவேண்டிய ஆங்கிலச் செய்யுள்களில் அதிபரின் பதவியே தங்கியிருக்கிறது. அர்ஜி அவற்றை வேண்டுமென்றே குழப்பி ஒப்புவிக்கிறான்; அச்செய்யுள்களைப் போற்றி எழுதப்பட்ட அதிபரின் உரை நகைப்புக்கிடமாகிறது.

இது இனத்துரோகமா? இலகுவில் ‘இல்லை’ என்று கூறிவிட முடியாது. அர்ஜியின் வெற்றியால் உப அதிபரே பயனடைவார். அதன் விலையைச் செலுத்தப்போவோர் தமிழ் மாணவர்கள். ஆனால் சமூகத்தின் நலன் என்ற பெயரில் கேட்கப்பட்டது, நண்பனை அடிக்கும் கைக்குத் துணைபோதலேயாகும். ஆசிரியர் இம்முரணைத் தீர்த்துவைக்காமல் விட்டிருப்பது அவரது நேர்மை. இங்கு இன்னொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. மாணவரை ஆண்மகனாக்கவென அந்த அதிபர் போற்றும் செய்யுள்களும், ஷெஹானையும் அர்ஜியையும் குற்றவாளிகளாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் ஒரே ஏகாதிபத்தியத்தின் முதுசொம்.

குறைகளும் இல்லாமலில்லை. ஹோட்டல் உரிமையாளரின் வீட்டு யன்னலினூடாகத் தெரியும் தமிழர் வாழ்வே இங்கு சித்திரிக்கப்படுகிறது. வடபுலத்து இளைஞனான ஜெகன் நான்காவது கதையில் வருகிறான். சந்தேகம் எழுந்ததும் தந்தை அவனை வேலையிலிருந்து நீக்குகிறார். கதையும் அவனைக் கைவிட்டுவிடுகிறது. அவன் எங்கு சென்றான் என்று கேட்கும் வாசகருக்கு விடையில்லை. தமிழ் அறியாத சிறுவனின் பார்வை என்பதால் இதனை ஓரளவு மன்னிக்கலாம், முற்றாக அல்ல.

நாட்குறிப்பாக அமைந்த இறுதிக் கதையில் வீடு எரிகிறது. பாட்டனும் பாட்டியும் கொல்லப்படுகின்றனர். அர்ஜியின் குறும்பு கலந்த குரல் இங்கு வரண்டுபோய், செய்தியறிக்கையின் தொனி தலைதூக்குகிறது. ஆயினும் ஓரிடம் உண்டு. ஷெஹானின் அருகில் இருக்கையில், இவன் சிங்களவன், தான் அல்லன் என்ற எண்ணம் முதன்முறையாக அர்ஜிக்கு எழுகிறது. அவனை அந்த எண்ணம் விலகச் செய்யவில்லை; ஆனால் அதற்குமுன் அவர்களிடையே அது இருந்ததில்லை.