புற்றரைக்கு எழுவாய் எது?

பழைய கழகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐம்பதாம் ஆண்டோ நூறாம் ஆண்டோ நிறைவெய்தியதும், தமது வரலாற்றைத் தாமே எழுதித் தாமே அச்சிட்டுத் தாமே படித்து மகிழ்வர். கோல்ஃப் கழகங்கள் இத்துறையில் முன்னணியில் நிற்பவை. தலைவர்களின் பட்டியல், கிண்ணம் வென்றோரின் பட்டியல், தேசாதிபதி எழுந்தருளிய நாள், மன்னர் பட்டம் அருளிய ஆண்டு ஆகியவற்றோடு வரலாறு முற்றுப்பெற்றுவிடும். இவற்றையும் ஓர் இலக்கிய வகையெனக் கொண்டே நாம் இங்கு நோக்குகின்றோம். எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தெரிவு எங்கே நிகழ்கின்றதோ, அங்கே விமர்சகனுக்கும் அலுவல் உண்டு.

இலங்கையின் முதன்மையான சான்றை எடுத்துக்கொள்வோம். 1879இல் கொழும்பு கோல்ஃப் கழகம் காலிமுகத்திடலில் தொடங்கியது. 1896இல் பொறளைப் பகுதிக்கு நகர்ந்தது. அவ்வாண்டு பதவியேற்ற தேசாதிபதி றிட்ஜ்வேயின் பெயரே புதிய ஆடுதரைக்கு வாய்த்தது. 1928இல் 'றோயல்' என்னும் அடைமொழி கிட்டிற்று. இவை யாவும் உண்மையே. ஆனால் வாக்கியங்களின் அமைப்பைச் சற்றே கவனியுங்கள். கழகம் தொடங்கியது, நகர்ந்தது, உயர்ந்தது. மேடு சமன்செய்யப்பட்டது, புல் வளர்க்கப்பட்டது. சமன்செய்தவர் யார்? வளர்த்தவர் யார்? இலக்கண வகுப்பிலே தோன்றா எழுவாயைக் கண்டுபிடிக்குமாறு மாணவரைப் பணிக்கின்றோம். இவ்வரலாறுகளைப் படிப்போர்க்கும் அதே பயிற்சி வேண்டியிருக்கின்றது.

நுவரெலியாவுக்குச் சென்றால் இவ்வுண்மை இன்னும் துலக்கமாகும். அங்குள்ள கோல்ஃப் கழகம் 1889இல் தோன்றியது. கோப்பிச் செடியை 1869 முதல் நோய் அரித்தழித்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட காலம் அது. தோட்டத்துரைமார் தம் குளிர்நாட்டை மலையுச்சியிலே மறுபடி அமைத்துக்கொண்டனர்: குதிரைப் பந்தயம், மாதாகோயில், கழகம், பச்சைப் புற்றரை. ஆடுதரையை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்திலே மேஜர் றொஜர்ஸ் என்பவர் துயில்கின்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர்பெற்ற இவர், 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அவருடைய கல்லறையின்மீதும் இடி விழுந்ததென்பது வழிகாட்டி நூல்களுக்கு உவப்பான கதை. யானையைக் கொன்றவனுக்குக் கல்லும் உண்டு, கதையும் உண்டு.

அதே நாற்பதுகளிலே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தோர் எண்ணற்றோர். அவர்களுக்கு ஒரு நடுகல்லேனும் உண்டா? 1840இல் இயற்றப்பட்ட முடிக்காணிச் சட்டம், உறுதி காட்டவியலாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாகக் கருதியது. அந்நாளில் ஓர் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் துரைமார் கைக்கு மாறியது. அக்காணியைத் தோட்டமாக்கிய மக்களின் வழித்தோன்றல்களுடைய குடியுரிமையை, சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே சட்டம் பறித்தது. 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டனர். 2003இலேதான் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. கழகத்தில் உறுப்புரிமை இல்லாதிருப்பது ஒன்று. நாட்டிலேயே உறுப்புரிமை இல்லாதிருப்பது மற்றொன்று. மலையகத்திலே இவ்விரண்டும் ஒரே புற்றரையின் இருபுறமும் நின்றன.

இதனால் ஆட்டத்தையே பழிப்பது நம் நோக்கமன்று. கோல்ஃப் பிறந்த ஸ்கொத்லாந்திலே அது கடலோர மணற்புல்வெளியில் ஆடப்பட்டது. ஆடுமாடுகள் மேய்ந்த பொதுநிலம் அது. நாரந்தனையில் வளர்ந்த நமக்கு அதை விளக்க வேறு சொல் வேண்டியதில்லை: தரவை. 1457இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறென இவ்விளையாட்டைத் தடைசெய்தது. அந்த அளவுக்கு அது பரவியிருந்தது. சென் அன்றூஸ் நகரின் பழைய ஆடுதரை இன்றும் பொதுச் சொத்தே. தரவையில் பிறந்த ஆட்டம் கப்பலேறி வந்தபோது வேலியையும் கூடவே கொண்டுவந்தது என்பதே நமது குற்றச்சாட்டு.

வேலி என்றதும் நம்முடைய வேலிகளும் நினைவுக்கு வராமற் போகா. நன்னீர் அரிதான எங்கள் தீவிலே, துரைமாரின் கழகத்தைப் பழித்துப் பேசியவர்களே கிணற்றடியில் சாதி பார்த்தார்கள். கட்டிலே காலை வைக்கவொண்ணாது ஒதுங்கி நின்று, யாரேனும் அள்ளி ஊற்றுவாரோ எனக் குடத்தோடு காத்திருந்த பெண்கள் எந்தக் கழகத்துக்கு விண்ணப்பித்தவர்கள்? 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில் நடந்த போராட்டமுமே அதற்கு உயிரூட்டின. ஊர் வரலாறு எழுதப் புகும் நமது பண்டிதர்களும் இவ்விடத்திலே தோன்றா எழுவாயில் புகுந்துகொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். கழகத்தாரை மட்டும் நோவதெப்படி?

காலனியாட்சி நீங்கியபின் வேலி தானே விழுந்துவிடும் என நம்பியோரும் உளர். பத்தரமுல்லையில் பொதுநோக்கத்துக்கென அரசு சுவீகரித்த தாழ்நிலம், பின்னர் ஒரு தனியார் கம்பனியின் கோல்ஃப் தரையாயிற்று. 2008 ஒக்டோபரில் உயர்நீதிமன்றம் இதை மக்களின் நம்பிக்கைப் பொறுப்புக்கு மாறானதெனத் தீர்த்து, நிலத்தை மீட்குமாறு பணித்ததோடு, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்தவேண்டுமெனவும் கட்டளையிட்டது. மாணவர் கையிலே கொடுத்துப் படிக்கச் செய்யவேண்டிய தீர்ப்பு இது. நிலத்தைப் பறிகொடுத்தவர் யார், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று எழுவாய்களைத் தேடித் தேடி அது எழுதப்பட்டிருக்கின்றது.

கழகம் விட்டுச்சென்ற காலிமுகத்திடலோ வேறு வரலாறு பெற்றது. 1956 ஜூன் 5இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து அறவழியில் அமர்ந்த தமிழர் அங்கேதான் தாக்கப்பட்டனர். 2022இல் பல்லினத்து இளைஞரும் கூடாரமடித்து ஆட்சியாளரை வெளியேற்றியதும் அங்கேதான். பொறளைத் தரையிலே களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை ஊடறுத்துச் செல்கின்றது. அவிசாவளைப் பக்கமிருந்து வேலைக்கு வருவோர் நெரிந்து நிற்கும் வண்டி கடக்கும்வரை ஆட்டக்காரர் மட்டையை ஊன்றிக் காத்திருக்க வேண்டும். யன்னலோரத்தில் நிற்பவர் அப்பச்சையைப் பார்க்கின்றார். ஆட்டக்காரரும் வண்டியைப் பார்க்கின்றார்.