ஜோஸ் அபார்ட்மெண்ட் (திரைப்படம்)

ஜோஸ் அபார்ட்மெண்ட் 1996-ல் வெளியான அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம். ஜான் பேசன் எழுதி இயக்கினார். 1992-ல் எம்டிவி ஒளிபரப்பிய குறும்படத்தின் விரிவாக்கம் இது. ஐயோவாவிலிருந்து நியூயார்க் வரும் ஜோ குடியேறும் வீட்டில் ஆயிரக்கணக்கான கரப்பான்பூச்சிகள் பேசுகின்றன, பாடி ஆடுகின்றன. அவற்றின் கணினி அசைவூட்டத்தை புளூ ஸ்கை ஸ்டூடியோஸ் உருவாக்கியது.

மதிப்பீடு

அசைவூட்டம் நேர்த்தியானது. ஆனால் கரப்பான்பூச்சி பாடுகிறது என்னும் ஒற்றை வியப்பு குறும்படத்துக்கே போதுமானது. 80 நிமிடங்களை அது தாங்கவில்லை. கூட்டமாகப் பாடும் பூச்சிகளுக்குத் தனிக்குணம் அமையவில்லை. 'நான் ஈ' (2012) படத்தின் ஈ பேசுவதே இல்லை. பழிவாங்கும் நோக்கமே அதைக் கதாபாத்திரமாக்குகிறது.

பாட்டும் நகைச்சுவையும் இணையும் முறைக்கு, தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி நல்ல சான்று. சிங்கியின் காலில் கிடக்கும் சிலம்பை விரியன் பாம்பு என்கிறான் சிங்கன். குறி சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்கிறாள் அவள். அவனது ஐயம், அவளது பெருமிதம், பிரிந்திருந்த நாட்களின் கதை ஆகிய மூன்றும் அந்தப் பாட்டிலேயே வெளிப்படுகின்றன. ஜோஸ் அபார்ட்மெண்டிலோ பாடல்களை நீக்கினாலும் கதை மாறாது. படம் வணிகரீதியாகவும் தோல்வியடைந்தது.