எரியாத கால்

அரியலூரில் ஒரு நண்பர். சினிமா அவர் தொழிலல்ல. பழைய படங்களைத் தம் கணிப்பொறியில் வெட்டி ஒட்டி வேறு வடிவம் கொடுத்துப் பார்ப்பவர். விற்பனைக்கல்ல, தமக்கும் நாலைந்து நண்பர்களுக்குமாக. இம்முறை அவர் எடுத்துக்கொண்டது விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி' (1978), அதன் தமிழ்ப் பிரதி. தந்திரக் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு நம்பும்படி இல்லை, அவற்றை மட்டும் சரிசெய்தால் படம் எழுந்து நிற்கும் என்பது அவர் வாதம். திருத்திய பிரதியைப் பெரம்பலூரில் ஒரு வீட்டில் ஐந்தாறு பேர் பார்த்தோம்.

அவர் உழைப்பைக் குறைசொல்ல முடியாது. ஒரு தந்திரக் காட்சி பொய்யாகத் தெரியப் பெரும்பாலும் உருவத்தைவிட ஒளியும் எடையும்தான் காரணம்: ஒட்டிய உருவத்தின் விளிம்பில் ஓடும் கோடு, தரையில் விழாத நிழல், பின்னணியோடு சேராத கருமை. ஃபிலிமில் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்க, பெரும்பாலும் எடுத்ததையே மறுபடி படமெடுக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது துகள் தடிக்கும், வண்ணம் மங்கும். அதனால்தான் பழைய படங்களில் மாயம் நிகழுமுன்பே திரை அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நண்பர் நொடிக்கு 24 சட்டகங்களையும் தனித்தனியே எடுத்து விளிம்பைத் துடைத்திருக்கிறார், நிழல் வரைந்திருக்கிறார், ஃபிலிம் ஓடும்போது எழும் சிறு ஆட்டத்தைக்கூடப் புதிய பகுதிக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் அவர் செய்ததில் சிறந்தது எதையும் வரையாமல் செய்தது. ஓரிடத்தில் 12 சட்டகங்களை வெட்டியிருக்கிறார். கண் சந்தேகப்படத் தொடங்குமுன் காட்சி முடிந்துவிடுகிறது. அரை நொடி. இதற்குச் சாதனம் வேண்டாம், ரசனை வேண்டும்.

அந்த ரசனை அடுப்புக் காட்சியில் அவரைக் கைவிட்டுவிட்டது. மோகினி விறகுக்குப் பதில் தன் காலை அடுப்பில் வைத்துச் சமைக்கிறாள். படத்தின் பெயர் மறந்தவர்களுக்குக்கூட இந்தக் காட்சி மறக்கவில்லை. மூலத்தில் நெருப்பு நெருப்பாக இருக்கிறது, கால் காலாக இருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நண்பர் சம்பந்தப்படுத்திவிட்டார். தோல் கருகுகிறது, வெந்த சதை வெடிக்கிறது. எல்லாம் நம்பும்படி இருக்கிறது. பழைய காட்சிக்குச் சிரிப்பும் பயமும் ஒருசேர வரும். இப்போது அறையில் யாரும் சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ன நடந்தது? கால் எரியாததால்தான் அவள் பேய். எரிந்து கருகினால் அது மனுஷியின் கால். நண்பர் குறை என்று கண்டது காட்சியின் பொருளையே. மேலும், அங்கே நடப்பது வெறும் சமையல். வீட்டுக்கு வந்தவள், பேயானாலும், உலையேற்றியாக வேண்டும். விறகில்லாவிட்டால் உடம்பை வைத்தாவது. தட்டையான அந்தத் தந்திரம் இந்த எண்ணத்துக்கு இடம்விட்டது. வேகும் சதை அதை வெளியே தள்ளிவிட்டது. 2009இல் இதே பெயரில் தமிழில் மறுபடி எடுத்தபோது கணிப்பொறி தாராளமாகவே கையில் இருந்தது. பழைய அடுப்பின் இடத்தை அதில் எதுவும் பிடிக்கவில்லை.

'மாயாபஜா'ரில் (1957) ரங்காராவ் விருந்துண்ணும் காட்சியை எண்ணிப்பாருங்கள். தட்டுகள் தாமே நகர்வதை நம்பவைப்பது காமிராவின் சாமர்த்தியம் மட்டுமல்ல. அவர் முகத்தின் பசி. நடிப்பவன் நம்பிய தந்திரத்தைத் திருத்த வேண்டியதில்லை. அவனே நம்பாததைத் திருத்தியும் பயனில்லை.

குறையெல்லாம் அழகு என்று கொண்டாடும் சோம்பேறி ரசனைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வசதியிருந்தால் விட்டலாச்சார்யாவே வேறுமாதிரி எடுத்திருப்பார் என்கிறார் நண்பர். இருக்கலாம். ஜார்ஜ் லூகாஸ் தம் 1977ஆம் வருஷத்து 'ஸ்டார் வார்ஸ்' படத்தை 1997இல் அப்படித்தான் திருத்தினார். பழைய வடிவம் புழக்கத்திலிருந்து ஒதுங்கிப்போனது. பிறகு ரசிகர்கள் கிடைத்த பிரதிகளையெல்லாம் சேர்த்து, திருத்தத்தை நீக்கி, முதல் படத்தை மீட்க வருஷக்கணக்கில் உழைத்தார்கள். திருத்தியது குற்றமில்லை, திருத்தாததை மறைத்ததே குற்றம். 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' செயற்கை அறிவால் மாற்றிய முடிவோடு மறுபடி திரைக்கு வந்தது. இறந்தவன் பிழைத்தான். இயக்குநரின் எதிர்ப்பு அதைத் தடுக்கவில்லை. நண்பரின் கையிலிருக்கும் அதே வகைக் கருவி உரிமையாளர்களின் கையிலும் இருக்கிறது. அவர்களுக்கு நண்பரின் கூச்சம்கூடக் கிடையாது.

நண்பருக்கு அவர் மாவட்டத்து உதாரணமே போதும். கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிலையும் கோபுரத்தையும் 1836இல் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதே கல்லில் அதே வேலைப்பாட்டில் ஒரு கோபுரத்தை இன்று எழுப்பிவிடலாம். எழுப்பினால் 1836 அழிந்துபோகும். இழந்ததற்குப் பதில் வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலமல்ல என்று தெரியவும் வேண்டும் என்று 1964இல் வெனிஸில் ஒரு நெறி வகுத்தார்கள். கல்லுக்குச் சொன்னது ஃபிலிமுக்கும் பொருந்தும். திருத்திய பிரதியின் தலைப்பில் திருத்தியது என்று எழுத வேண்டும். பழையதையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

12 சட்டக வெட்டு இருக்கட்டும். அடுப்பில் பழைய காலையே திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறேன். நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.