கொன்றது யார்? – ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் எழுவாய் மறைப்பும் மொழிபெயர்ப்பும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950–1954) வரலாற்றுப் புதினமாகவே வகைப்படுத்தப்படுகிறது. ஆயினும் அதன் நடுவில் இருப்பது ஒரு கொலை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறந்துபடுகிறான். கொன்றவர் இன்னார் என்பது நூலின் முடிவிலும் ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்படவில்லை. இதனைக் கதைப்பின்னலின் குறை என்பாருளர். மொழி நோக்கில் ஆராயின், இம்மறைப்பு தமிழ் இலக்கணத்தின் இயல்புகளைக் கொண்டே கட்டப்பட்டிருத்தல் புலனாகும்.

புதினத்திற்கு மூலமான உடையார்குடிக் கல்வெட்டு இவ்வாறு மறைப்பதில்லை. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த அது, கரிகாலனைக் ‘கொன்று’ துரோகிகளானவர்கள் எனச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சுட்டுகிறது. ‘கொன்று’ என்னும் வினையெச்சமும் அதனைத் தொடரும் ‘ஆன’ என்பதும் ஒரே வினைமுதலைக் கொள்வன. ஆகவே குற்றச்சாட்டு இலக்கண அளவில் ஐயமற்றது. எனினும், ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்னும் பாண்டியச் சார்புப் பட்டமும், உடன்பிறந்த பரமேசுவரனுக்கு ‘இருமுடிச்சோழ பிரமாதிராசன்’ என்னும் சோழப் பட்டமும் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. செய்தவர் பெயர் தெரிகிறது. செய்வித்தவர் எவர் என்பதே வினா. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்றிலர்.

கல்கி இவ்வினாவைச் செய்தவர்மீதே திருப்பிவிடுகிறார். கொலை நிகழும் காட்சியில் இருள் சூழ்கிறது. நந்தினி, வந்தியத்தேவன், சதிகாரர், காளாமுகக் கோலத்தில் பெரிய பழுவேட்டரையர் எனப் பலர் அருகில் உளர். இத்தகைய காட்சிகளுக்கு ‘உருவம்’ என்னும் சொல் பெரிதும் கைகொடுக்கிறது. அஃது அஃறிணையாதலின் ‘வந்தது’, ‘பாய்ந்தது’ என முடிந்து, ஆண், பெண், தகுதி ஆகிய அனைத்தையும் மறைத்துவிடும். ‘கொன்றது யார்’ என்னும் வினாவிலும் இதே ‘-து’ ஈறு. வினைமுற்றில் திணை பால் காட்டியே தீரவேண்டிய மொழி, காட்டாதிருக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறது.

தாம் எறிந்த கத்தி குறி தவறியதால் இளவரசன் இறந்தான் எனப் பெரிய பழுவேட்டரையர் பழியை ஏற்குமிடம் மேலும் நுட்பமானது. ‘நான் கொன்றேன்’ என்பதற்கும் ‘என் கையால் இறந்தான்’ என்பதற்கும் தமிழில் தொலைவு மிகுதி. பின்னதில் கருவி உண்டு, கருத்து இல்லை. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் ஒரே செய்வினையில் அடக்கும் மொழிபெயர்ப்பாளர், தம்மையறியாமலே ஒரு முதியவர்மீது தீர்ப்பெழுதிவிடுகிறார்.

விளியும் ஒரு தடயமே. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்னும் படிநிலையில் ஒருவர் ஏறுவதும் இறங்குவதும் அவையில் அவர் சார்பைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் அவை ஒரே சொல்லாய்ச் சுருங்கும். நந்தினியைக் கரிகாலன் ‘பாட்டி’ என முறைவைத்துப் பேசுவதில் எள்ளலும் உண்டு. தன்னைத் தானே விலக்கிக்கொள்ள முயலும் ஒருவனின் தவிப்பும் உண்டு. ஆங்கிலத்தில் எஞ்சுவது பெரும்பாலும் நகைப்பே.

ஓசூரைத் தாண்டி அத்திபெலே எல்லையைக் கடந்தால் நிலைமை வேறு. கன்னடத்தில் நீனு, நீவு, தாவு என மூன்று படிகள் உள; ‘ஆக்ருதி’ என்னும் சொல்லும் ‘உருவம்’ போன்றே அஃறிணை முடிபு கொள்ளும். ‘நீர்’ என்பதற்கு மட்டும் நேரிணை இல்லை: ‘நீவு’ பன்மைக்கும் உரியதாதலால், தகுதியில் இடைப்பட்ட ஒருவனிடம் காட்டும் அரைமரியாதை முழுமரியாதையாகிவிடும். வந்தியத்தேவனைப் பிறர் விளிக்கும் இடந்தோறும் கன்னட மொழிபெயர்ப்பாளர் நின்று தேர்ந்தெடுக்க நேரும். கொலைப்பழி சுமத்தப்பட்டுப் பாதாளச் சிறையில் கிடப்பவனும் அவனே.