வேரைத் தாண்டிய கலப்பை

யூக்கலிப்டஸ் என்றால் நீலகிரியில் நெடிதுயர்ந்து நிற்கும் தைலமரமே நம் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவின் தெற்கே, மழை குறைந்த மணற்பாங்கான நிலங்களில் வளரும் ‘மல்லீ’ யூக்கலிப்டசுகள் வேறு விதமானவை. பெரும்பாலும் 10 மீட்டருக்கு மேல் வளர்வதில்லை. ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும். (பெயர் அந்நாட்டுப் பழங்குடியினர் மொழியிலிருந்து வந்தது, நம் கொத்துமல்லிக்கும் இதற்கும் உறவில்லை.) அடியில் கிழங்கு போலப் பருத்த கட்டை ஒன்று உண்டு. அதில் மாவுச்சத்தும் உறங்கும் மொட்டுகளும் இருப்பதால், தீ எரித்தாலும் கோடரி வெட்டினாலும் மரம் மீண்டும் துளிர்த்துவிடும்.

கோதுமை விதைக்க வந்த ஐரோப்பியரின் கலப்பைகள் இக்கட்டைகளில் மோதி உடைந்தன. 1876-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பௌயர் ஸ்மித் புதுக் கலப்பை ஒன்றைச் செய்தார். கொழு கீலில் பொருத்தப்பட்டிருக்கும். கட்டையில் இடித்ததும் மேலெழும். தாண்டியதும் எடை அதனை மீண்டும் மண்ணுக்குள் அழுத்தும். வகுப்பில் நெம்புகோல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கண்டுபிடிப்புகளைப் போற்றும் நூல்கள் இத்துடன் கதையை முடித்துவிடுகின்றன. என் குறை இங்கேதான். அவற்றில் மல்லீயின் வேர் வெறும் தடை. அது செய்துவந்த வேலை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆழ இறங்கும் அவ்வேர்கள் பெய்த மழையில் ஏறக்குறைய முழுவதையும் உறிஞ்சி ஆவியாக்கிவந்தன. கோதுமையின் வேரோ ஆழம் குறைந்தது, சில மாதங்களே வாழ்வது. எஞ்சிய நீர் கீழே கசிந்தது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணில் தேங்கிய உப்பும் அதனுடன் மேலே வந்தது. மரேய் ஆற்றிலும் உப்புநீர் கசிகிறது. மூடியிருந்த மரங்கள் போனதால் மணலும் பறந்தது. 1983 பிப்ரவரி 8 அன்று மெல்போர்ன் நகரைப் பட்டப்பகலில் இருளாக்கிய புழுதி, மல்லீ, விம்மெரா வட்டாரங்களின் மேல்மண்ணே. வறட்சியும் பலத்த காற்றும் அதற்கு உடனடிக் காரணங்கள்தாம். ஆனால் காடு அழிந்த மண் அவற்றுக்கு எளிதாக இரையாயிற்று.

ஸ்மித்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. நிலத்தடி நீர்க் கணக்கு அன்று யார் கையில் இருந்தது? இன்று எழுதுபவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இதே உப்புத் தொல்லை உண்டு. அங்கே 1990-களில் கோதுமை வயல்களுக்கிடையே வரிசை வரிசையாக மல்லீ நடத் தொடங்கினார்கள். வேர் நீரை இழுக்கும், இலையில் தைலம் கிடைக்கும், வெட்டினாலும் துளிர்க்கும். கலப்பையின் படத்தை முழுப் பக்கத்தில் அச்சிடும் நூல்களில் இதற்கும் அரைப் பக்கம் ஒதுக்கலாம்.