தெகிவளைப் பூங்காவும் உழைப்பாளியின் ஓய்வுநாளும்

தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைப் பற்றி இரண்டு கருத்துக்கள் நம்மிடையே உலவுகின்றன. 'பிள்ளைகளுக்கு ஒருநாட் பொழுதுபோக்கு. அதற்கு மேல் அதில் ஆராய என்ன இருக்கிறது?' என்பது ஒன்று. 'அது விலங்குகளின் சிறைச்சாலை. இழுத்து மூடுவதே நாகரிகம்' என்பது மற்றொன்று. முதலாவது சிந்திக்க மறுக்கும் மனத்தின் கூற்று. இரண்டாவது இரக்கத்தில் பிறந்தது. எனினும் அரைவழியில் நின்றுவிடும் இரக்கம் அது. அங்கே செல்வோர் யார், ஏன் செல்கின்றனர் என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை.

விடுமுறை நாளொன்றில் அதன் வாயிலில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, பஸ் மாறி, காலி வீதி வழியே நகரின் நீளம் முழுவதையும் கடந்து வரும் துறைமுகத் தொழிலாளியின் குடும்பம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு குறுகிய பயணத்தில் வந்திறங்கும் கடைச் சிப்பந்தியின் குடும்பம். மலையகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கல்விச் சுற்றுலாவாக வரும் பாடசாலைப் பிள்ளைகள். யால வனத்தில் ஜீப்பை வாடகைக்கு அமர்த்திச் சிறுத்தையைத் தேடும் வசதி இவர்களுக்கில்லை. குளிரூட்டிய அங்காடி மாளிகைகளின் விளையாட்டுக் கூடங்களில் நிமிடத்துக்கு நிமிடம் காசு கரையும். இங்கேயோ ஒருமுறை சீட்டு வாங்கினால் பகல் முழுவதும் இருக்கலாம். கொண்டுவந்த சோற்றுப் பொதியை மரநிழலில் பிரித்து உண்ணலாம். கடற்கரையையும் காலிமுகத்திடலையும் விட்டால், கொழும்பில் ஏழைக் குடும்பத்துக்கு இதுபோன்ற இடங்கள் வேறு எத்தனை இருக்கின்றன?

யுத்த காலத்தில், சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே நகரைக் கடந்த தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தன. அந்த ஒருநாள் மகிழ்ச்சியை அற்பமென ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை. ஓய்வு என்பது யாரும் இட்ட பிச்சையன்று. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரி இளைஞர்கள் அவர்களோடு நின்றதும் நாம் அறிந்த வரலாறு. கூலிக்காகப் போராடும் வர்க்கம், அக்கூலியைக் கொண்டு மனிதராக வாழும் பொழுதுக்காகவும் போராடுகிறது.

ஆயினும், இப்பொழுதைக் கழிக்க நமக்குக் கிடைத்த இடத்தின் பிறப்பை நாம் மறந்துவிடலாகாது. தெகிவளைப் பூங்கா மக்களுக்காகத் தோன்றியதன்று. ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய விலங்கு வணிகர், 1920களின் இறுதியில், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் விலங்குகளைக் கப்பலேறும்வரை அடைத்துவைக்க அமைத்த பண்டகசாலையே அதன் மூலம். வணிகம் நொடித்து நிறுவனம் கலைக்கப்பட்ட பின்னர், 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. அவருடைய தமையனார் கார்ல் ஹாகன்பெக் இன்னுமொரு படி மேலே சென்றவர். 1880களில் இலங்கையின் யானைகளோடு இலங்கை மனிதர்களையும் கூட்டிச் சென்று, ஐரோப்பிய நகரங்களில் கட்டணம் பெற்றுக் காட்சிக்கு வைத்தார். ஏகாதிபத்தியத்தின் கண்ணுக்கு யானையும் அதன் பாகனும் ஒரே வேடிக்கைப் பொருள்களே.

கைமாறிய சொத்து குணம் மாறிற்றா? இதுவே நமது கேள்வி. பண்டகசாலைக்கு வேண்டியது குறைந்த இடத்தில் நிறைந்த சரக்கு. அந்தக் கணக்கு கூண்டுகளின் அளவில் நெடுங்காலம் வாழ்ந்தது. மாலைதோறும் யானைகளை ஆடவைத்த காட்சி பல தசாப்தங்களாகப் பெருங்கவர்ச்சியாக விளங்கியது. அடைபட்ட விலங்கு ஒரே தடத்தில் ஓயாது முன்னும் பின்னும் நடப்பதையும், யானை தலையை இடைவிடாது அசைப்பதையும் கண்டு, 'பார், ஆடுகிறது!' என்று பிள்ளை கைகொட்டுகிறது. அது ஆட்டமன்று, செய்வதற்கு ஏதுமற்ற உயிரின் மனநோய். இதனைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லையெனில், அது அங்கே கற்றுக்கொண்டது விலங்கியல் அன்று. பிறர் துன்பத்தை வேடிக்கையாக இரசிக்கும் பழக்கமே.

'அப்படியானால் மூடிவிடுங்கள்' என்பார் நண்பர். அவர் விலங்கைக் காண யாலவுக்குப் போவார். கொட்டாஞ்சேனைப் பிள்ளை எங்கே போகும்? 2015இல் பின்னவலையிலும், 2016இல் ரிதியகமவிலும் விரிந்த நிலப்பரப்பில் திறந்த பூங்காக்கள் அமைக்கப்பட்டன. பெரிய விலங்குகளுக்கு அது நன்மையே, அதனை வரவேற்கிறோம். ஆனால் ரிதியகம அம்பாந்தோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நாட்கூலிக்காரன் மனைவி மக்களோடு அங்கே போய்த் திரும்ப இருநாட் சம்பளம் இழப்பான். விலங்குக்கு விடுதலை தந்து, ஏழையின் மகிழ்ச்சியைத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிடும் சீர்திருத்தம் பாதிச் சீர்திருத்தமே.

விலங்கின் நலனும் உழைப்பாளியின் ஓய்வும் ஒன்றுக்கொன்று பகையென்று காட்டுவது பொய்வாதம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு வங்குரோத்தானபோது, தொழிலாளியின் அடுப்பும் அணைந்தது. கூண்டுகளின் தீனிக்கும் நெருக்கடி வந்தது. இரண்டையும் வாட்டியது ஒரே கை. ஆகவே கோரிக்கைகளும் ஒன்றாகவே எழ வேண்டும். பெருவிலங்குகள் அகன்ற நிலத்துக்குப் போகட்டும். பாடசாலைப் பிள்ளைகளையும் தொழிலாளர் குடும்பங்களையும் குறைந்த கட்டணத்தில் அங்கே ஏற்றிச் செல்லும் பொறுப்பை அரசு ஏற்கட்டும். தெகிவளை, பறவைகளும் மீன்களும் நம் நாட்டுச் சிற்றுயிர்களும் இடநெருக்கடியின்றி வாழும் நகரப் பூங்காவாக மாறட்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒத்த மதிப்புடன் அங்கே கற்பிக்கட்டும். நுழைவுச்சீட்டு ஏழையின் கைக்கு எட்டும் விலையிலேயே நிற்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு கடமையுண்டு. சுற்றுலா முடிந்ததும் 'என்னென்ன விலங்கு கண்டாய்?' என்று கட்டுரை எழுதச் சொல்வது எளிது. 'அந்த விலங்கு எங்கிருந்து வந்தது? யார் கொண்டுவந்தார்? அதன் காடு இப்போது யார் கையில் இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். அப்போது கூண்டைப் பார்க்கும் மாணவன் அதைக் கட்டிய உலகத்தையும் பார்க்கத் தொடங்குவான்.