ஒரு தரம், ரெண்டு தரம்...

1995-ல் கலிஃபோர்னியாவில் பியர் ஓமிட்யார் என்கிற இளைஞர் இன்டர்நெட்டில் ஏலத்துக்காக ஒரு தளம் ஆரம்பித்தார். பரீட்சார்த்தமாகத் தன்னிடம் இருந்த உடைந்த லேசர் பாயின்ட்டரை, உடைந்தது என்று சொல்லியே போட்டுப் பார்த்தார். 14.83 டாலருக்குப் போனது. வாங்கியவரை விசாரித்தால், அவர் உடைந்த லேசர் பாயின்ட்டர்களைச் சேகரிப்பவராம்! அந்தத் தளம்தான் பின்னால் ஈ-பே. உலகத்தில் எந்தக் குப்பைக்கும் எங்கேயோ ஒரு ரசிகர் இருக்கிறார். நடுவில் ஒரு தரகர்தான் தேவை.

இந்தியாவில் அந்தத் தரகு வேலையை 2000-ல் ஆரம்பித்தது பாஸீ டாட் காம். 2004-ல் அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு ஈ-பே வாங்கியது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன பிறகு பழைய காமிராவுக்கும் நாணயத்துக்கும் அலைந்துகொண்டிருந்த மயிலாப்பூர்க்காரர்கள், வீட்டில் உட்கார்ந்தபடி ஏலம் கேட்டார்கள். அதே 2004 டிசம்பரில் யாரோ ஒரு ஆபாச வீடியோவைத் தளத்தில் விற்பனைக்குப் போட, பாஸீயின் தலைமை அதிகாரியைக் கைது செய்தார்கள். சரக்கு யாருடையது, பொறுப்பு யாருடையது என்று நாடு முழுக்க விவாதம் நடந்து, 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையே திருத்தினார்கள். 2018-ல் ஈ-பே இந்தியா கடையை மூடியது.

'ஆன்லைன் ஏலமெல்லாம் அவ்வளவுதான் சார்' என்று நினைத்தால் தப்பு. சரக்குதான் பெரிதாகிவிட்டது. இப்போது ஏலத்தில் வருவது லென்ஸ் இல்லை. அடையாறில் மூணு பெட்ரூம் ஃப்ளாட்.

கடன் கட்டாதவர்களின் வீட்டை, 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கிகள் கம்ப்யூட்டரில் ஏலம் விடுகின்றன. தளத்தைத் திறந்தால் தி.நகர், மந்தைவெளி, திருவான்மியூர் என்று வரிசையாக வருகிறது. மார்க்கெட்டைவிடக் குறைவான ஆரம்ப விலை, தரகர் கமிஷன் இல்லை, கறுப்புப் பணம் கேட்கமாட்டார்கள். கவர்ச்சி நியாயமானதுதான். அந்த மலிவு, யாரோ ஒரு குடும்பம் கட்ட முடியாமல் விட்ட தவணை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

என் குறை வேறு. கடைசி வருஷங்களில் ஈ-பே இந்தியாவில் 'பைசா-பே' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. நீங்கள் கொடுத்த பணத்தைத் தளமே பிடித்து வைத்துக்கொண்டு, பொருள் வந்து சேர்ந்த பிறகே விற்றவருக்குத் தரும். 500 ரூபாய்ச் சாமானுக்கு அவ்வளவு பாதுகாப்பு. 1 கோடி ரூபாய் வீட்டுக்கு? 'எங்கே எப்படி இருக்கிறதோ, அங்கே அப்படியே' என்று ஒரு வரி. பூட்டின கதவின் போட்டோ ஒன்று. சில இடங்களில் அதுவும் கிடையாது.

அந்த ஒரு வரிக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. 'சிம்பாலிக் பொசஷன்' என்று போட்டிருந்தால், வீடு வங்கியிடம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. உள்ளே பழைய ஓனர் காபி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அசோசியேஷன் பாக்கி, சொத்து வரி பாக்கி உங்கள் தலையில் விழலாம். பழைய கரன்ட் பில் பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின்வாரியம் கேட்கலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ஜெயித்தால் அன்றைக்கோ மறு வேலை நாளோ 25 சதவிகிதம் கட்டவேண்டும். மீதி 15 நாளில். வங்கி சம்மதித்தால் அதிகபட்சம் மூன்று மாதம். தவறினால் கட்டினது போச்சு. ஒருவர் ஒரு சொத்தை 12.27 கோடிக்கு ஏலம் எடுத்து, 3 கோடிக்கு மேல் கட்டிவிட்டு, மீதியைப் புரட்ட முடியாமல் நின்றார். கட்டின பணம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

விவரம் தெரிந்தவர்களே ஏன் மாட்டுகிறார்கள்? 1971-ல் மூன்று அமெரிக்க எண்ணெய் கம்பெனி இன்ஜினீயர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்துப் பேர் ஒரே பொருளை மதிப்பிட்டால், ஜெயிப்பவர் ரொம்ப அதிகமாக மதிப்பிட்டவர். அதாவது, அநேகமாகத் தப்பாக மதிப்பிட்டவர். 'ஜெயித்தவரின் சாபம்' என்று இதற்குப் பெயர். போதாததற்கு, கடைசி நிமிஷத்தில் யாராவது விலையை ஏற்றினால் கடிகாரம் தானாக நீளும். எதிரே யாரென்று தெரியாது. 'இன்னும் ஒரு அம்பதாயிரம்தானே' என்று விரல் துடிக்கும். அப்போது நாம் கேட்பது வீட்டை அல்ல, வெற்றியை. ரங்கநாதன் தெருவில் 200 ரூபாய் நைட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே ஆசாமிகள்தாம்.

இதில் இறங்கியே தீருவேன் என்பவர்கள் உச்ச விலையை முதல் நாளே காகிதத்தில் எழுதி மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவிடுங்கள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வங்கிக் கடன் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு ஏலம் கேளுங்கள், ஏலம் கேட்டுவிட்டு அல்ல. முக்கியமாக, நேரில் போய் வாட்ச்மேனிடம் ஐந்து நிமிஷம் பேசுங்கள். இணையதளத்தில் இல்லாத விவரம் அவரிடம் இருக்கும்.

வங்கிகளும் கொஞ்சம் மனசு வைக்கலாம். உள்ளே யார் இருக்கிறார்கள், பாக்கி எவ்வளவு, உள்பக்கம் நாலு போட்டோ... இவ்வளவுதான் கேட்கிறோம். ஓட்டை லேசர் பாயின்ட்டரைக்கூட ஓட்டை என்று எழுதித்தான் விற்றார் ஓமிட்யார்.